இருபது சதவீத மழை

கரண்ட் போய்விட்டது. போகவில்லை, கீழ்வீட்டு முனியப்பன் நிறுத்திவிட்டார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

வித்யாலட்சுமி லேப்டாப்பில் பேசிக்கொண்டிருந்தது புனேயில் இருக்கும் பெரிய கம்பெனியோடு. ஒன்றரை மாச உழைப்பு. இன்றைக்கு அவர்கள் தலையாட்டினால்தான் ஆர்டர். வைஃபை செத்ததும் திரையில் ஐந்து முகங்களும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றன.

யு.பி.எஸ். வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைப்போடு சரி.

செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினாள்.

ஜோகுபாளையத்தில் பழைய கட்டடம். ஆறு குடித்தனம். இரும்பு கேட்டைத் தாண்டினால் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு நடை. அந்தச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஆறு வீட்டு மீட்டரும் ஒரே மெயின் சுவிட்சும். பக்கத்தில் நாற்காலி போட்டு முனியப்பன் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கரண்ட் கம்பம் ஏறி ரிடையர் ஆனவர்.

"மெயினைப் போடுங்க அங்கிள். மீட்டிங் பாதியில நிக்குது."

"மழை வர்லாம்."

"வர்லாமா?" போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாருங்க, இருபது சதவீதம். அப்படின்னா எண்பது சதவீதம் வராது."

"சரி."

"என்ன சரி? திங்கக்கிழமை அணைச்சீங்க. ஒரு சொட்டு விழல. புதன்கிழமை அணைச்சீங்க. வெயில் அடிச்சுது."

"ஆமா. நல்ல வெயிலு."

வித்யாலட்சுமிக்குச் சுருக்கென்றது. "என் வேலையே இதுதான் அங்கிள். எந்த ஃபாக்டரிக்கு எவ்வளவு மழை ஆபத்து, எவ்வளவு வெள்ள ஆபத்துன்னு கணக்குப் போட்டுக் குடுக்கறவ நான். எனக்குத் தெரியாதா?"

"கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா." சுவரைக் காட்டினார். போன வருஷத்துத் தண்ணீர்க் கறை, மீட்டருக்கு நாலு விரல் கீழே நின்றிருந்தது. "அன்னிக்கும் பெருசா மழை இல்ல. இருபது நிமிஷம். மோரி பொங்கி சாக்கடைத் தண்ணி நேரா உள்ள வந்துடுச்சு. இன்னும் நாலு விரல் ஏறியிருந்தா கேட்டுலயும் கரண்ட் பாஞ்சிருக்கும், அது இரும்பு. மூணரைக்கு ஸ்கூல் வுட்டா அதைப் புடிச்சிக்கினுதான் பசங்க உள்ள வரும். போர்டை மேல ஏத்துய்யான்னா ஓனர் அடுத்த மாசம்ங்கறான். ஒரு வருஷமா அடுத்த மாசம்."

"உங்களுக்கென்ன, ரிடையர் ஆயிட்டீங்க. ஒரு மணி நேரம் ஃபேன் இல்லாம உக்காந்தா ஆச்சு. நஷ்டம் எங்களுக்குத்தானே?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கிழவரோடு பேசிப் பிரயோஜனமில்லை. குனிந்து, தானே மெயின் சுவிட்சில் கை வைத்தாள். முனியப்பன் எழப் பார்த்தார். முடியவில்லை.

"கைய எடும்மா."

சொன்னது உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி பாஞ்சாலி. கையில் சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாயும் முகத்தில் மாட்டுகிற மாஸ்க்கும் தொங்கின.

"இது இன்னான்னு தெரியுதா? நெபுலைசர். மூணு மணிக்கு இந்த மனுசனுக்கு வெச்சாகணும். கரண்ட் இல்லாம ஓடாது. ரோட்டுக்கு அந்தாண்ட எதிர்வூட்ல கரண்ட் இருக்குதுய்யா, அங்க போய் வெச்சிக்கலாம் வான்னா நவுர மாட்டேங்கறாரு. திங்கக்கிழமையும் இதே கதை. புதன்கிழமையும் இதே கதை."

"ஏன், போனா என்ன?"

"எந்திரிச்சுப் போனா யாராச்சும் வந்து மெயினைப் போட்டுடுவாங்களாம்."

வித்யாலட்சுமியின் கை தானாகக் கீழே இறங்கியது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேனேஜர் சுஹாஸ்.

"வித்யா, லைன் கட் ஆயிடுச்சு. பரவால்ல, அவங்களையும் இதுலயே சேர்த்திருக்கேன். ஒரே கேள்விதான். பத்து வருஷமா அவங்க ஃபாக்டரியில வெள்ளமே வரலையாம். வெறும் இருபது சதவீதத்துக்காக ஜெனரேட்டரை எதுக்கு மாடிக்குத் தூக்கணும்னு கேக்கறாங்க. பதில் சொல்லுங்க."

பதில் லேப்டாப்பில் இருந்தது. நாற்பத்திரண்டு பக்கம். அதில் ஒரு வரியும் இப்போது ஞாபகம் வரவில்லை. எதிரே கறை படிந்த சுவர்தான் இருந்தது.

"வரலாம் சார், வராமலும் போகலாம். எனக்கும் தெரியாது. வரலேன்னா, தூக்கி வெச்ச வேலை வீண். வந்துட்டா, தண்ணியில கரண்ட் பாஞ்சு கீழ நிக்கறவங்க உயிர் போகும். ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு நிறுக்க முடியாது. அவ்வளவுதான் சார்."

புனேப் பக்கமிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. "எத்தனை அடி உயரத்துல வைக்கணும்?"

"நாளைக்கு எழுதி அனுப்பறேன் சார்."

போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எந்திரிங்க அங்கிள். எதிர்வீட்டுக்குப் போய் மருந்து வெச்சுக்கிட்டு நிதானமா வாங்க. பசங்க வர்ற வரைக்கும் நான் இருக்கேன். அந்த ஓனர் நம்பரையும் குடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசமா இந்த மாசமான்னு நான் பேசிக்கறேன்."

முனியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டுட மாட்டியே?"

"மாட்டேன்."

பாஞ்சாலி அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வித்யாலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தாள். வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

மொட்டைமாடி ரூம் பரத், லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கி வந்தான்.

"சும்னே, மழையே இல்லாம எதுக்கு மேடம் ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க? போன்ல பாருங்க, மழை இருபது சதவீதம்தான்."

"தெரியும்" என்றாள் வித்யாலட்சுமி, நாற்காலியைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு. "அந்த இருபதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."