தண்ணீர் டோக்கன்

டினெகா குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பல் தேய்க்கக்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசி பாட்டிலும் நேற்றே காபிக்குப் போய்விட்டது. வேனின் கழிப்பறைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக முடிந்தது.

பிப்ரவரியில் எவராவது தங்கிச் சமைக்க வசதியுள்ள கேம்பர் வேனை எடுத்துக்கொண்டு வடக்கு பிரான்சுக்குப் போவார்களா என்று மகள் மார்லூஸ் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவைப் பற்றியும் ஏதோ சொல்ல வந்தாள். டினெகா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. "மூணே வாரம். ரெண்டு பேரும் ஜம்முனு போயிட்டு வந்து நிக்கறோமா இல்லையா, பாரு" என்று சொல்லிவிட்டு ஹாலந்திலிருந்து கிளம்பிவிட்டாள்.

இன்று ஆறாவது நாள். இப்போதே திரும்பிப் போய் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

இந்தப் பக்கத்து ஊர்களில் வேன்காரர்களுக்கென்று ஒரு திடல் இருக்கும். திடலின் மூலையில் தண்ணீர்க் கம்பம். அதில் டோக்கனைப் போட்டால் நூறு லிட்டர் வரும். டோக்கன் ஊர் ரொட்டிக் கடையில் கிடைக்கும்.

வாங்கி வருவது கணவர் ரூலொஃபின் வேலை. டூலிப் கிழங்கு வியாபாரத்துக்காக முப்பது வருஷம் பிரான்சு முழுக்க அலைந்தவருக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. வேன் ஓட்டுவதும் அவர்தான். வரைபடம் பார்ப்பதும் சமைப்பதும் அவள் பங்கு. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

ஒவ்வொரு ஊரிலும் அவர் இறங்கிப் போனார். ஒவ்வொரு ஊரிலும் கக்கத்தில் ஒரு நீள ரொட்டியோடு திரும்பி வந்தார்.

"டோக்கன் எங்க?"

"கிடையாதாம். குளிர்காலம் இல்லையா, ஏப்ரல் வரைக்கும் தண்ணிய நிறுத்திட்டாங்களாம்."

முதல் ஊரில் நம்பினாள். பனியில் குழாய் வெடித்துவிடும் என்று நிறுத்திவைப்பது உண்டுதான். இரண்டாவது ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரையும் திட்டினாள். மூன்றாவதில் ரூலொஃபைத் திட்டினாள். நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்த இந்தக் கடலோர ஊரில் திட்டவும் தெம்பில்லை. அலமாரியில் நான்கு ரொட்டிகள் விறைத்துக் கிடந்தன.

எரிச்சலோடு ஜன்னல் திரையை விலக்கினாள்.

எதிரே நின்றிருந்த ஜெர்மன் வேன்காரர் குழாயைக் கம்பத்தில் மாட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு அவளைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார்.

அவளுக்கு வந்ததே கோபம். ஜெர்மன்காரருக்கு டோக்கன் உண்டு, டச்சுக்காரர்கள் என்றால் இளப்பமா? ரூலொஃப் சாது. எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அவளிடம் நடக்காது.

ரூலொஃப் இன்னும் போர்வைக்குள் இருந்தார். வெளியே தூறல். கையில் அகப்பட்ட அவருடைய மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வழியெல்லாம் கூட்டிக் கூட்டி ஒரு சண்டைக்குத் தயாராக நடந்தாள்.

கடையில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். டினெகா சொல்லி முடிக்கும்வரை மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணிய நிறுத்திட்டோம்னு யாருங்க சொன்னா? இங்க உறையற அளவுக்குக் குளிரே வராதே." பிறகு மழைக்கோட்டைப் பார்த்தாள். "நேத்து இதே கோட்டுல ஒருத்தர் வந்தாரே, உங்க வீட்டுக்காரரா? நல்லாப் பேசிட்டிருந்தார். ஒரு ரொட்டியும் ரெண்டு டோக்கனும் வாங்கிட்டுப் போனார். அந்தப் பையிலதான் போட்டார்."

டினெகா பைக்குள் கையை விட்டாள்.

கொத்தாக வந்தது. சிப்பி பொறித்த பித்தளை டோக்கன்கள் இரண்டு, இந்த ஊருடையவை. நீல பிளாஸ்டிக்கில் ஒன்று. நடுவில் ஓட்டையோடு இரண்டு. ஊர்ப் பெயர் பொறித்த வெள்ளை டோக்கன் ஒன்று. நான்கு ஊரும் அவள் உள்ளங்கையில் இருந்தன.

அவர் பொய் சொல்லவில்லை. டோக்கன் வாங்கியது அவருக்கு நினைவே இல்லை. கடையிலிருந்து வேனுக்கு நடந்து வருவதற்குள், எதற்குப் போனோம் என்பதே போய்விட்டிருக்கிறது. கேட்டால் என்ன சொல்வார், பாவம். கையில் ரொட்டி இருந்தது, காலம் குளிர்காலம், வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

இந்த மனிதரை நம்பித்தான் ஆறு நாளாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

மார்லூஸ் என்ன சொல்ல வந்தாள் என்பது டினெகாவுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் பேச விடவில்லை. டோக்கன்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பப் போட்டாள். கோபப்பட்டுக்கொண்டே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"உடம்புக்கு முடியலையா, மதாம்? உக்காருங்க."

"ஒண்ணுமில்ல" என்றாள். கடைக்காரியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

அவள் வேனுக்கு வந்தபோது ரூலொஃப் எழுந்து தலைவாரிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்ட? கடைக்கா? என்ன சொன்னாங்க?"

டோக்கன்களைப் பைக்குள்ளேயே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கிடையாதாம். ஏப்ரல் வரைக்கும் தண்ணிய நிறுத்திட்டாங்களாம்."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளை ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. "என்னை என்னமா திட்டின."

"திட்டினேன். தப்புதான். சாவியக் குடு, இன்னிக்கு நான் ஓட்டறேன்."

அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

வரைபடத்தை அவர் மடியில் வைக்கப் போனவள், ஒரு கணம் யோசித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.