சர்ட்டிபிகேட் அக்கா

“பொய்யை எந்திரிச்சு நின்னு சொன்னா நிஜமாகிடாதும்மா. உட்காருங்க” என்றார் சர்ட்டிபிகேட் அக்கா.

எதிரில் நின்ற காஜாக்காரம்மா உட்காரவில்லை. தையல் ஆலையில் நாளெல்லாம் சட்டைகளுக்குக் காஜா அடிப்பவர். ஷிப்ட் முடிந்து நேரே வந்ததால் தலைமுடியெல்லாம் வெள்ளை நூல். பள்ளி இறுதிப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு நூறு என்று சொல்லிவிட்டு, ஆதாரம் கேட்டதும் கையை விரித்திருந்தார். சான்றிதழ் இருந்த பை, போருக்குத் தப்பி ஊரைவிட்டு ஓடி வந்தபோது ஆற்றோடு போய்விட்டதாம்.

அகதி மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பும் அந்த அறக்கட்டளைக்கு அக்காதான் தலைவி. பத்து வயது மூத்த செயலாளர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பயம் வயது பார்ப்பதில்லை. ஊரே காகிதத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் அந்த அறையில், அக்கா கேட்கும் முதல் கேள்வியே காகிதம் எங்கே என்பதுதான்.

கேட்க அவருக்கு உரிமை உண்டு. அக்காவும் அதே போரில் ஓடி வந்தவர்தான். சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு ஓடி வந்தவர். அது இப்போது அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. கணக்கு, தொண்ணூற்றைந்து. அந்த ஐந்து மார்க் போன துக்கத்தையும் வருகிறவர்கள் எல்லோரும் கேட்டாக வேண்டும். ஒரே ஒரு கணக்கு காலை வாரிவிட்டதாம்.

மணி நாலரை. கணக்குப் பட்டப்படிப்பில் ஒரே ஓர் இடம் மிச்சம். ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகம் விண்ணப்பத்தை மூடிவிடும். அடுத்த வருடம் காஜாக்காரம்மாவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு ஆயுசுக்கும் காஜாதான்.

செயலாளர் தன் மேஜையில் ஒரு படிவத்தை எடுத்து வைத்து, தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். சான்றிதழ் தொலைத்தவர்களுக்கென்று பல்கலைக்கழகமே ஒரு சாட்சிப் படிவம் வைத்திருக்கிறது. அதே பரீட்சையை அதே ஹாலில் எழுதிய ஒருவர், ‘இவர் எழுதியதைக் கண்ணால் பார்த்தேன்’ என்று தன் சான்றிதழோடு கையெழுத்துப் போட்டால் போதும்.

“உங்ககிட்ட வழி கேட்டேனா? நிராகரிப்புன்னு டைப் பண்ணுங்க” என்று, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவருடைய முதுகில் பென்சில் முனையால் ஒரு குத்துக் குத்தினார் அக்கா. யாரையாவது அசைக்க வேண்டுமென்றால் அவருக்கு வாய்க்கு முன்னால் பென்சில்தான் போகும். செயலாளரின் சட்டைகள் எல்லாவற்றுக்கும் முதுகுப் பக்கம் புள்ளி போட்ட டிசைன்.

பிறகு, தினமும் நடத்தும் பாடத்தை ஆரம்பித்தார். குறுக்கு வழியில் வருகிறவர்களால்தான் ராப்பகலாய் உழைத்துப் படித்தவர்களுக்குத் தலைகுனிவாம்.

“சாட்சி ஒருத்தி இருக்கா மேடம்” என்று குறுக்கே வெட்டினார் காஜாக்காரம்மா. “பரீட்சை ஹால்ல எனக்குப் பின் பெஞ்சு. வேற ஸ்கூல் பொண்ணு. அன்னிக்கு என் பேப்பரை என்னைவிட அதிகமாப் பார்த்தது அவதான்.”

செயலாளர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அப்படியானால் அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதுதானே என்றார் அக்கா. முகம் தெரிந்தால்தானே கூட்டிக்கொண்டு வர என்றார் காஜாக்காரம்மா. திரும்பிப் பார்த்தால் இரண்டு பேர் பேப்பரையும் பிடுங்கிவிடுவார்கள். அதனால் பின்னாலிருந்து சிக்னல் வரும்போதெல்லாம் இவர் இடது பக்கமாகச் சாய்ந்து கொடுப்பார், அவ்வளவுதான் இருவருக்கும் பழக்கம்.

“மணி அடிச்சதும் ஒரே ஓட்டமா ஓடிட்டா மேடம். ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல.”

எந்த ஹால் என்று கேட்டார் அக்கா. கூரை ஒழுகி, நடுவில் இரண்டு வாளி வைத்திருந்த ஹால் என்றார் காஜாக்காரம்மா. சொட்டு விழும் சத்தத்தை எண்ணி எண்ணித்தான் அவர் நேரம் கணக்குப் பார்த்தாராம்.

அக்காவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. “காப்பி அடிக்க விட்டதை என்கிட்டயே வந்து பெருமையாச் சொல்றீங்க. கிளம்புங்க.”

காஜாக்காரம்மா துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நடந்து போகும் அந்த முதுகையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறினார். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிச் செயலாளரின் மேஜையில், அந்தச் சாட்சிப் படிவத்தின் மேலேயே டொக்கென்று வைத்தார். செயலாளருக்கு அடுத்த காட்சி மனப்பாடம்: நிஜச் சான்றிதழ் எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டுத்தான் அக்கா ஆளை வெளியே அனுப்புவார்.

ஆனால் அக்கா வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினார். கதவைத் திறக்கப்போன காஜாக்காரம்மாவின் முதுகில் பென்சிலால் ஒரு குத்துக் குத்தினார்.

காஜாக்காரம்மா திரும்பவில்லை. தன்னையறியாமல் இடது பக்கமாகச் சாய்ந்தார்.

“ஏழாவது கணக்கை மட்டும் ஏன்டி கையை வச்சு மறைச்சே?”