சம்பள வரம்பு

“அவரை அனுப்பிடாதீங்க அங்கிள்.”

உட்காரச் சொல்லியும் உட்காராமல், ஹேண்ட்பேகை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள் எழிலரசி. ஆஸ்பத்திரி லேபில் டியூட்டி முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் காரை எடுத்துக்கொண்டு நேராக வந்திருந்தாள்.

பசுபதிக்கு அவளைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. முகிலன் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தீபாவளி பார்ட்டிக்குக் கைக்குழந்தையோடு அழைத்து வந்தானே, அவன் மனைவி. இர்விங் நகரில் அவர் நடத்தும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இதுவரை இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டு அவர் அறைக்குள் வராதவன் முகிலன் ஒருவன்தான்.

“நான் எங்கம்மா அனுப்பறேன்? விசாவுக்குக் காட்ட வேண்டிய சம்பளத்தை ஏத்திட்டாங்க. அவன் சம்பளம் புது வரம்புக்கு எட்டல. எட்டலைன்னா எக்ஸ்டென்ஷனும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது.”

“அப்ப ஏத்திக் குடுங்க அங்கிள்.”

“எங்கேர்ந்தும்மா? பெரிய கிளையன்ட் ரெண்டு பேர் கான்ட்ராக்டை முடிச்சிட்டுப் போயிட்டாங்க. லாயர் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு கேக்கறாரு. முகிலன்கிட்டயும் சொல்லிட்டேன். சரிங்க சார்னு தலையாட்டிட்டுப் போயிட்டான்.”

“பாப்பாகிட்ட சொல்லியிருக்காரு. அழுது அழுது அவளுக்கு ஜுரமே வந்துடுச்சு. ‘இஸ் அப்பா கோயிங் ஃபார்எவர்?’னு கேட்டுட்டே இருக்கா. நான் என்னன்னு சொல்றது?”

பசுபதி பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

“மிச்சத்தை நான் குடுக்கறேன்” என்றாள் திடீரென்று. “மாசாமாசம் உங்க கையில கொண்டாந்து குடுத்துடறேன். நீங்க அவருக்குச் சம்பளமாப் போட்டுடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்.”

“ஐயய்யோ, அது குத்தம்மா! தெரிஞ்சா கம்பெனியையே இழுத்து மூடிடுவாங்க.”

அவள் முகம் சுருங்கிப் போனது. பசுபதிக்கு ஒரு யோசனை வந்தது.

“ஆமா, நீயும் வேலை விசாவுலதானே இருக்கே? உன் சம்பளம் வரம்புக்கு மேலதானே? உன் விசாவுல அவன் டிபெண்டன்ட்டா இருந்துக்கட்டுமே. வேலைக்குப் போக முடியாது, அவ்வளவுதான். நாட்டை விட்டுப் போக வேண்டாமே.”

“அது முடியாது அங்கிள்.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

பசுபதி மேலே கேட்கவில்லை. அமைதியானவன்தான், ஆனால் ரோஷக்காரன். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட முகிலன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

எழிலரசி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் உடைந்து போனாள். “வேற யார்கிட்டப் போறதுன்னு எனக்குத் தெரியல அங்கிள். தெரிஞ்ச கம்பெனி எல்லாத்துலயும் கேட்டுப் பாத்துட்டேன். இந்த நேரத்துல புதுசா ஆள் எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்களும் கையை விரிச்சா...”

முழுதாகச் சொல்ல முடியாமல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பசுபதியும் ஒரு காலத்தில் விசாவைக் கையில் பிடித்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடந்தவர்தான். சட்டென்று போனை எடுத்து அக்கவுன்ட்ஸ் மதனைக் கூப்பிட்டார்.

“மதன், இந்த மாசத்துலேர்ந்து என் சம்பளத்தைப் பாதியாக்கிடு. ஆமாய்யா, என்னுதைத்தான்! முகிலனுக்குப் புது வரம்பு என்னவோ அதைப் போட்டு லாயருக்கு இன்னிக்கே மெயில் அனுப்பு.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எழிலரசி எழுந்து நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

“அழாதம்மா, முகத்தைத் தொடைச்சிக்கோ. இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்க அவன் குடுத்து வச்சிருக்கணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இந்த நல்ல சேதியை நீயே அவன்கிட்ட சொல்லு.”

“நீங்களே சொல்லிடுங்க அங்கிள். நான் வந்துட்டுப் போனதும் அவருக்குத் தெரிய வேணாம்.”

“இது என்னம்மா கூத்து! புருஷன்கிட்ட சொல்ல என்ன தயக்கம்?”

கதவுவரை போன எழிலரசி, கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினாள்.

“எங்களுக்கு டைவர்ஸாகி ரெண்டு வருஷமாச்சு அங்கிள். பாப்பாவுக்குத்தான் அவர் வேணும்.”