விலைக்கு இல்லாத ரம்

கோழிக்கறியும் பருப்பும் சோறும் முடிந்ததும், விடுதிக்காரி ரோஸ்மே ஜாடிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ரெயூனியன் தீவில், அதுவும் சாலையே இல்லாத மஃபாத் பள்ளத்தாக்கில், நடந்து வந்து சேர்ந்த விருந்தாளியை ரம் ருசி காட்டாமல் யாரும் எழுந்திருக்க விடமாட்டார்கள். லிச்சி ஊறினது, இஞ்சி ஊறினது, ஜெரேனியம் இலை ஊறினது.

அன்றைய விருந்தாளி லெமெர்ல் ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பரவால்ல" என்றார். நாற்பது வருடம் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இதற்கு மேல் பாராட்டு வாங்கிய ஆளே கிடையாது.

கடைசி ஜாடியில் வெனிலாவும் காட்டு ஆர்க்கிட் இலையும் கிடந்தன. அதில் ஒரு மடக்கு உள்ளே போனதும் மனிதர் கண்ணை மூடிவிட்டார்.

"அம்மா, இதுல ரெண்டு பாட்டில் குடுங்க. என்ன கேட்டாலும் தர்றேன்."

"ஐயையோ! எங்க மாமனார் கல்யாணத்துக்கு அவங்கப்பா ஊறப்போட்டது ஐயா இது. என் உயிரக் கேளுங்க, தர்றேன். இதக் கேக்காதீங்க."

லெமெர்ல் அதற்கு மேல் கேட்கவில்லை. நாக்குதான் விடவில்லை.

மறுநாள் ஞாயிறு. பாதிரியார் மலை தாண்டி வந்து மாதம் ஒரு முறைதான் பூசை வைப்பார் என்பதால் ஊரே கோயிலுக்குப் போயிற்று. ரோஸ்மேயும் அவள் கணவன் எக்ஸ்பெதியும் போனார்கள். லெமெர்ல் முட்டிவலி என்று தங்கிவிட்டார். முட்டிக்கு ஒன்றுமில்லை.

சமையலறையில் ஜாடி இருந்தது. பிடிபட்டால் நாற்பது வருடப் பெயர் ஒரே நாளில் நாறிவிடும். கோழி திருடியவனுக்கு ஆறு மாதம் எழுதிய கையாலேயே ஜாடியைத் திறந்தார். தன் இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்துக் காலிசெய்து, ஜாடியிலிருந்து நிரப்பிக்கொண்டார். நல்லவேளை, பக்கத்திலேயே ஒரு கேன் வெள்ளை ரம் இருந்தது. அதை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தார். ஆனால் மனசாட்சி சும்மா இருக்குமா? கையிலிருந்த பணத்தில் பாதியைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

பூசை முடிந்து வந்தவர்களிடம் விடைபெற்று, ஒற்றையடிப் பாதையில் பத்தடி போயிருப்பார்.

"ஐயா! நில்லுங்க!"

ரோஸ்மே ஓடிவந்தாள். அவர் பாட்டில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஐயா, மூஞ்சி இப்படி வெளிறிப்போச்சு? வழிக்கு மிளகாய் வடை குடுக்கத்தான் ஓடியாந்தேன்."

இப்படிப்பட்டவள் வீட்டிலா கைவைத்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வடையை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார். முட்டிவலிக்காரர் நடக்கிற வேகமில்லை அது.

ரோஸ்மே உள்ளே போய்த் தலையணையைத் தூக்கினாள். எக்ஸ்பெதி ஜாடியை மோந்து பார்த்தான்.

"மறுபடி ஊத்தணும். போன வருஷம் நாம ஊறப்போட்ட பீப்பா தீரப்போகுது, தெரியுமா?"

"இன்னொண்ணு போடு. வெனிலாவுக்கா பஞ்சம்?"

"போன மாசம் அந்த டாக்டர், அதுக்கு முந்தி பள்ளிக்கூட மேடம், அவங்கல்லாம் சரி. இவரு நீதிபதியாச்சே! உனக்குப் பயமே இல்லையா?"

ரோஸ்மே பணத்தை மடித்துக் கவுன் பைக்குள் போட்டாள்.

"எதுக்குப் பயம்? உரிமம் இல்லாம ரம் வித்தாத்தான் ஜெயிலு. திருட்டுக் குடுக்கிறவள எந்தக் கோர்ட்டுய்யா தண்டிக்கும்?"