கதவில் வழிந்த சிவப்பு

பெரிய எஞ்சின் வைத்த பழைய கார் ஒன்றைத் துருவோடு வாங்கி வந்தாள் பெனிட்டா. துருவைத் தேய்த்து, பட்டி பார்த்து, தானே பெயிண்டும் அடித்தாள். பெயிண்ட் கன்னைப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. முதலில் இடது கதவு. ஆசையில் கொஞ்சம் அதிகமாகவே அடித்துவிட்டாள். சிவப்பு வழிந்து கோடாகக் காய்ந்துபோனது. கடைசியாக, எஞ்சினை மூடும் பானட்டுக்கு வருவதற்குள் கை பழகிவிட்டது.

"என் மேல வானமே தெரியுது," என்றது பானட். "உனக்கென்ன, மூக்கு ஒழுகின மாதிரி?"

"நான் ஆடாமத்தான் நின்னேன்," என்றது கதவு பாவமாக.

"கண்காட்சியில சுவர் பக்கமா நின்னுக்கோ. மானத்தை வாங்காதே."

பழைய கார் கண்காட்சியில் கூட்டம் பானட்டைத்தான் மொய்த்தது. ஒருவர் அதில் முகம் பார்த்து மீசையைக்கூட ஒதுக்கிக்கொண்டார்.

"எந்த ஒர்க்‌ஷாப்பும்மா இது?"

"நான்தான் சார் அடிச்சேன்."

"சும்மா சொல்லாதீங்க," என்று அவர் சிரித்தார்.

பெனிட்டா அவரைக் கையோடு இடது கதவுக்கு அழைத்துப் போனாள். வழிந்த கோட்டின் மேல் பெருமையாக விரலை வைத்தாள்.

"ஒர்க்‌ஷாப்ல இப்படி விடுவாங்களா சார்?"

அவர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அட, நிஜமாவே நீங்கதானா! எல்லாரும் இங்க வாங்கப்பா!"

கூட்டம் மொத்தமும் கதவுப் பக்கம் வந்துவிட்டது. தனியாக நின்ற பானட், தன் மேல் எங்காவது ஒரு சொட்டாவது வழிந்திருக்காதா என்று தேடிக்கொண்டிருந்தது.