தையல் மிஷினும் இரட்டை வேகப் பாடமும்

கடகடவென்று தான் ஓடிய சத்தம் தையல் மிஷினுக்கு இன்னும் நினைவிருந்தது. காதால் கேட்டுத்தான் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அதன்மேல் மடிக்காத துணிகள் குவிந்து கிடந்தன. எதிரே பாயில் படுத்தபடி தாட்சாயணி கைபேசியில் தையல் வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவள் ஒரு ரவிக்கை தைத்துக் காட்ட வேண்டும். தைத்தால்தான் வேலை.

அவள் கைபேசியைப் பாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் மிஷின் அதனிடம் பொருமியது.

"ஏன்டா, இத்தனை பாடம் பார்த்தாளே, ஒரு நாளாவது ஊசியில் நூல் கோத்தாளா?"

"நான் ஒழுங்காகத்தான் சொல்லித் தருகிறேன், அக்கா. அவள்தான் என்னை இரட்டை வேகத்தில் ஓட்டுகிறாள். சான்றிதழ்கூட வந்துவிட்டது."

"சான்றிதழை உடுத்திக்கொண்டா ஊர் வெளியே போகும்? நெட் இல்லையென்றால் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்பாயே, இன்றைக்குக் கொஞ்சம் நில்லேன்."

அவள் திரும்பி வந்து பாடத்தை ஓட்டியதும், ரவிக்கைக்குக் கை வைக்கும் இடத்தில் கைபேசி நின்றது. தாட்சாயணி தட்டினாள், உதறினாள், திட்டினாள். பிறகு வேறு வழியில்லாமல் துணிகளைத் தள்ளிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். வலது கைத் துணியை இடது தோளில் வைத்துத் தைத்தாள்.

"ஐயோ, அதைப் பாடத்தில் சொன்னேனே!" என்றது கைபேசி.

"இப்போது சொல், காதில் விழும்" என்றது மிஷின்.

கைபேசி பாடத்தை மறுபடி ஓட விட்டது. காதில் விழுந்தது. பெடலில் கால் வைத்தபடியே, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பிரித்தாள். மறுபடி தைத்தாள்.

தாட்சாயணிக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கைபேசி தினமும் அவளோடு போய்வருகிறது. மிஷின்மேல் மறுபடியும் துணிகள் குவிந்துவிட்டன.