நிரந்தர முகவரி

வீடற்றோருக்கான இலவச மருத்துவமனை திறந்து இரண்டே நாள்தான் ஆகிறது. அதற்குள் பதிவு எழுத்தருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எதிரே நின்ற முதியவர், ஊதினால் விழுந்துவிடும் மெலிவோடு இருமிக்கொண்டிருந்தார்.

"விலாசம் சொல்லுங்க பெரியவரே."

"வீடு இல்லைன்னுதானேய்யா இங்க வந்தேன்!"

"விலாசம் போடலேன்னா கம்ப்யூட்டர் சீட்டு தராது. கடைசியா இருந்த வீட்டைச் சொல்லுங்க, போதும்."

"ஏழாம் நம்பர், கிழக்குத் தெரு."

தட்டிக்கொண்டிருந்த எழுத்தர் சட்டென்று நிமிர்ந்தார். "என்ன, கிண்டலா? அது இந்த ஆஸ்பத்திரி விலாசம்."

"இதைக் கட்டத்தானே எங்க வீட்டை இடிச்சீங்க."

எழுத்தர் திரையைப் பார்த்தார். பெரியவர் கொடுத்திருந்த விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார்.

"உங்க விலாசத்துல மூணு மாடிக் கட்டடம் இருக்குன்னு காட்டுது. மாடி வீட்டுக்காரங்களுக்கெல்லாம் இங்க இலவச வைத்தியம் கிடையாது. அடுத்த ஆள் வாங்க!"